கேர்ன்ஸ் ஊர் ஜின்னி

வாரிக் டன்ஸ்டன் மவுண்ட் ஐசா சுரங்கத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன். நிலத்துக்கு அடியில் பாறை அள்ளும் வண்டி ஓட்டுவான். ஆளும் பெரிசு, குரலும் பெரிசு. அவன் மனைவி லியான் அவனைப் பிரிந்து, மகள் ஹேட்டியை அழைத்துக்கொண்டு டவுன்ஸ்வில்லுக்குப் போனபோது ஹேட்டிக்கு எட்டு வயது. காலையில் ஐசாவில் வண்டியை எடுத்தால் பொழுது சாயும்போதுதான் டவுன்ஸ்வில் கடலைப் பார்க்கலாம். ஷிப்ட் வேலைக்காரன் அந்தத் தூரத்தை வருஷத்தில் எத்தனை தடவை ஓட்ட முடியும்?

அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் போனில் பேசினார்கள். பேசினார்கள் என்பது பெயருக்குத்தான். எட்டு வயதுப் பிள்ளைக்குப் போனில் என்ன பேசத் தெரியும்? "ம்", "இல்ல", "சரிப்பா". ஒரு நாள் அவளே சொன்னாள்: "அப்பா, போன் வேணாம். நீ கம்ப்யூட்டர்ல வா. நாம அங்க இருக்கலாம்."

அங்கே என்றால் அந்தக் கட்டை விளையாட்டுக்குள். உங்கள் வீட்டிலும் யாராவது ஆடியிருப்பார்கள். மரம், மலை, ஆடு, சூரியன் எல்லாமே சதுரம் சதுரமாக இருக்கும். வெட்டலாம், தோண்டலாம், கட்டலாம். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. அது வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. முதலில் ஆடிய பையன்களுக்கு இப்போது வழுக்கை விழுந்துகொண்டிருக்கிறது.

சுரங்கத்துச் சாப்பாட்டு அறையில் நாங்கள் அவனை ஓட்டாத நாள் கிடையாது. "நாள் பூரா பூமிக்கு அடியில தோண்டுற, வீட்டுக்குப் போயும் தோண்டுறியாமே? ஓவர்டைம் தர்றாங்களாடா?" என்போம். அவனுக்குக் கோபமே வராது. இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை வாயில் திணித்துக்கொண்டே, "என் பொண்ணுதான் அங்க மேஸ்திரி. நான் சித்தாள். நேத்து என் சுவர் கோணலா இருக்குன்னு இடிக்க வச்சுட்டா" என்பான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. அப்பாவும் மகளும் ஓர் ஏரிக்கரையில் ஊரே கட்டினார்கள். வீடு, பாலம், ரயில் தடம், ஆட்டுப்பட்டி. நான் அவன் வீட்டுக்குப் போகும்போது திரையில் காட்டுவான். ஆடுகளுக்கு ஹேட்டி எங்கள் ஷிப்ட் ஆட்களின் பெயர்களை வைத்திருந்தாள். ஸ்டான் என்ற என் பெயர் நீலச் சாயம் பூசின ஓர் ஆட்டுக்கு.

பதின்மூன்று வயது ஆனதும் ஹேட்டி மாறினாள். எல்லாப் பிள்ளைகளும் மாறுவதுபோலத்தான். முதலில் தாமதமாக வந்தாள். பிறகு பேச்சு குறைந்தது. வாரிக்குக் கொடுமையாக இருந்தது வேறொன்று. அவள் உள்ளே வருவாள், ஆட்டுப்பட்டி பக்கத்தில் போய் நிற்பாள், அப்புறம் அசையவே மாட்டாள். உருவம் மட்டும் நிற்கும். பிள்ளை அங்கே டவுன்ஸ்வில்லில் சோபாவில் படுத்து வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். இவன் அந்த உருவத்துக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டே இருப்பான்.

"ஹேட்டி, இந்தக் கோபுரத்தைப் பாரு. உச்சில விளக்கு வச்சிருக்கேன்."

ரொம்ப நேரம் கழித்து ஒரு பதில் வரும். "நல்லாருக்குப்பா."

அவன் ரொம்பவே பயந்துபோனான். இணையத்தில் போய்த் தேடத் தொடங்கினான். இந்த ஆட்டம் செத்துவிட்டது என்று பாதிப் பேர், அது ஒருபோதும் சாகாது என்று மீதிப் பேர், ஊர் உலகமே அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவன் எல்லாவற்றையும் படித்தான். யாராவது ஒருத்தர் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவரும் வழியைச் சொல்லியிருக்கமாட்டார்களா என்று பார்த்தான். புதுப் பதிப்பு வந்தால் அன்றே வாங்கினான். புது மிருகம், புதுக் குகை, புது நிறத்தில் மரம். எல்லாவற்றையும் கொண்டுபோய் ஏரிக்கரையில் சேர்த்தான். மலையைச் சுற்றி ஒரு ராட்டின ரயில் கட்டினான். அவ்வளவு அழகான வேலையை நான் பார்த்ததில்லை. ஹேட்டி ஒரு தடவை ஏறினாள். இறங்கினாள். "அப்பா, அடுத்த மாசத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை எனக்கு நெட்பால் பிராக்டிஸ் இருக்கு. எப்பவாவது வர்றேன்" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் அவன் சாப்பிடவில்லை.

"ஸ்டான், உன் பசங்க அந்த ஆட்டத்தை எப்ப விட்டாங்க?"

"பெரியவன் பன்னெண்டுல விட்டான். சின்னவளுக்கு அது பிடிக்கவே இல்ல. வளர்ந்தா விட்டுருவாங்கடா. பொம்மைய விடலியா?"

"பொம்மைய விட்டா அப்பன் பக்கத்து ரூம்ல இருப்பான். எனக்கு அது ஒண்ணுதானே ரூம்."

என் சாப்பாட்டில் பாதியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

சில வாரம் கழித்து, ஷிப்ட் முடிந்து சுரங்கத்து லிஃப்ட் கூண்டில் மேலே ஏறும்போது என் காதோடு சொன்னான்: "ஒரு காரியம் பண்ணிட்டேன். கோபப்படாத. உன் தங்கச்சி பொண்ணு ஒருத்தி இருக்கா. பேரு ஜின்னி. கேர்ன்ஸ்ல இருக்கா. அந்த ஆட்டம்னா உயிரு. கூட ஆட ஆளில்லைன்னு நீ சொன்ன, நான் நம்ம உலகத்துக்குள்ள சேத்துக்கிட்டேன்."

"எனக்குத் தங்கச்சியே கிடையாதேடா!"

"ஹேட்டிக்கு அது தெரியாதுல்ல."

"அப்ப ஜின்னி யாரு?"

அவன் தன் கட்டை விரலால் தன் நெஞ்சைத் தொட்டான்.

கூண்டு சத்தத்தை மீறிக் கத்தினேன். "உனக்குப் பைத்தியமா? நாப்பது தாண்டின ஆம்பள, சின்னப் பொண்ணு வேஷம் போட்டு இன்னொரு சின்னப் பொண்ணுகிட்டப் பேசுறது, வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா? உடனே நிறுத்து."

"அவ என் பொண்ணுடா" என்றான்.

"அதனாலதான் சொல்றேன்."

அவன் நிறுத்தவில்லை. ஏனென்றால் அது பலித்துவிட்டது. ஜின்னி ஒரு துடுக்குக்காரி. மைக் உடைஞ்சுபோச்சு என்று சொல்லி எழுத்திலேயே பேசுவாள். ஹேட்டியின் அப்பா கட்டிய கோபுரத்தைப் பார்த்து, "இது என்ன, மண்ணுல நட்ட கேரட்டா?" என்று கேட்டாள். ஹேட்டி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். தன் கோபுரத்தைத் தானே கிண்டல் பண்ணினதை வாரிக் என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. ஹேட்டி ஞாயிறு மட்டுமல்ல, பள்ளி விட்டு வந்ததும் தினமும் உள்ளே வரத் தொடங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து ஏரியின் எதிர்க்கரையில் யாரும் வரக்கூடாத ரகசியக் கோட்டை ஒன்று கட்டினார்கள். அப்பாவுக்குக்கூட அனுமதி இல்லை. அப்பாவின் உருவம் இந்தக் கரையில் சும்மா நிற்கும். "எங்கப்பா தூங்கிட்டாரு போல" என்று ஹேட்டி எழுதுவாள். பாவி, எதிரில் இருப்பவனே அவன்தான்.

அந்த மாதங்களில் அவன் வேலைக்குச் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். மகளைப் பற்றி அதுவரை தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரியவந்தது. பள்ளியில் அவளோடு யாரும் உட்காருவதில்லை. நெட்பால் அணியில் இருந்த இரண்டு பெண்கள் அவளைப் போலவே நடந்து காட்டிச் சிரிக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னால் பள்ளிக்கு வந்து சண்டை போடுவாள் என்று சொல்வதில்லை. ஜின்னியிடம் சொன்னாள். ஜின்னி அந்தப் பெண்களின் பெயரை இரண்டு பன்றிகளுக்கு வைத்தாள்.

பிறகு ஒரு நாள் ஹேட்டி கேட்டாள். அதை வாரிக் என்னிடம் அப்படியே சொன்னான், ஒரு சொல் விடாமல்.

"ஜின்னி, உண்மையச் சொல்லு. உனக்கு இந்த ஆட்டம் இன்னும் பிடிக்குதா?"

"பிடிக்குமே. உனக்கு?"

"எனக்கு எப்பவோ போரடிச்சுப் போச்சு. இதெல்லாம் எங்கப்பாவுக்காக. நான் வரலேன்னா அவருக்கு வேற யாருமே இல்ல. எவ்வளவு கட்டி வச்சிருக்காரு பாரு. எப்படிச் சொல்றது அவர்கிட்ட? பாவமா இருக்கு. இப்ப நீ இருக்கறதாலதான் வர்றேன். நீ போயிட்டா நானும் போயிடுவேன்."

வாரிக் விசைப்பலகையில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தானாம். என்ன எழுதுவது? கடைசியில் "நான் எங்கயும் போகல" என்று எழுதினான்.

"அன்னிக்கே அவகிட்ட உண்மையச் சொல்லியிருக்கணும்டா" என்றேன்.

"சொன்னா ஜின்னி போயிடுவா. ஜின்னி போனா ஹேட்டி போயிடுவா. ஹேட்டி போனா..." அவன் முடிக்கவில்லை. தலைக்கவசத்தை மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் விடுமுறை நெருங்கியது. ஹேட்டி துள்ளிக்கொண்டு வந்தாள். அம்மாவும் அவளும் கேர்ன்ஸ் போகிறார்களாம். "உன்னை நேர்ல பாக்கலாம்! உங்கம்மா நம்பர் குடு. எங்கம்மா பேசுவாங்க."

ஜின்னிக்குக் காய்ச்சல் வந்தது. அப்புறம் ஜின்னியின் அம்மா ஊரில் இல்லை. அப்புறம் ஜின்னி பாட்டி வீட்டுக்குப் போகிறாள். ஒவ்வொரு பொய்யும் முந்தினதைவிட மோசமாக இருந்தது. ஹேட்டி முதலில் அழுதாள். பிறகு, "நீ என்னைப் பாக்க வெக்கப்படுறியா? பள்ளிக்கூடத்துல இருக்கறவங்க மாதிரியா நீயும்?" என்று கேட்டாள். கடைசியில் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

லியான் கேட்டதும் நடுங்கிப்போனாள். எந்தத் தாய்தான் நடுங்கமாட்டாள்? குரல் கிடையாது, முகம் கிடையாது, நேரில் வரமாட்டாள், பிள்ளையின் அந்தரங்கமெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். வாரிக்கைப் போனில் பிடித்து, "யாரு அந்த ஜின்னி?" என்றாள். அவன் பயத்தில் பழைய பொய்யையே சொன்னான். "ஸ்டானோட தங்கச்சி பொண்ணு."

லியான் ஐசாவில் என் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்து சாப்பிட்டவள். எனக்குத் தங்கச்சி இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் என்ன முடிவுக்கு வந்திருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேராகப் போலீசுக்குச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான் வாரிக் வீட்டுக் கூரைமேல் ஏறி அவன் ஏர்கூலரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தண்ணீர் ஏறவில்லை, வெயில் காலமும் தொடங்கிவிட்டது. போலீஸ் வண்டி வாசலில் நின்றது. இறங்கியவள் பெல்வுட் என்ற இளம் அதிகாரி. நான் ஏணியில் இறங்கி வருவதற்குள் வாரிக் கதவருகே வந்து நின்றுவிட்டான்.

"நீங்கதான் ஸ்டானா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"ஆமா."

"உங்க வீட்டுல கேட்டேன், இங்க இருக்கீங்கன்னாங்க. ஜின்னின்னு ஒரு பொண்ணு உங்களுக்குச் சொந்தமா? பதிமூணு வயசுப் பிள்ளைகிட்ட அந்தப் பேர்ல பேசறது யாருன்னு விசாரிக்க வந்திருக்கேன். உங்க போன், கம்ப்யூட்டர் எல்லாம் பாக்கணும்."

அந்தச் சிறிய ஊரில், அப்படி ஒரு சந்தேகத்தில் போலீஸ் வண்டியில் ஏறினவன் அப்புறம் கடைத்தெருவில் நடக்க முடியுமா? எதிர்வீட்டுக் கம்பிவேலியில் அதற்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. நான் வாரிக்கைப் பார்த்தேன். ஒரு நொடி அவன் கண் வேறு பக்கம் போனது. அந்த ஒரு நொடியை என்னால் மறக்க முடியாது. ஆனால் அடுத்த நொடி அவன் முன்னால் வந்தான்.

"அவன் இல்லம்மா. நான்தான் ஜின்னி."

பெல்வுட்டுக்குப் புரியவில்லை. "நீங்க அந்தப் பிள்ளையோட அப்பா."

"ஆமா. நான்தான்."

"உங்க சொந்தப் பொண்ணுகிட்டயா?"

"வேற எப்படி அவ என்கிட்டப் பேசுவா?" என்று கேட்டான். கேள்வியாகத்தான் கேட்டான். அவளுக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும் என்று நினைத்தவனைப்போல.

அவள் உள்ளே உட்கார்ந்து எல்லா உரையாடலையும் படித்தாள். கோட்டை, பன்றிகள், எல்லாவற்றையும். படித்து முடித்துத் தன் குறிப்பேட்டை மூடினாள். "இதுல நான் வழக்குப் போட எதுவும் இல்ல" என்றாள் பிறகு. "ஆனா அம்மாவுக்குச் சொல்லியாகணும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

அவனே போன் பண்ணினான். லியான் கத்தினது எனக்கு வாசல்வரைக்கும் கேட்டது. "குழந்தை ராத்திரியெல்லாம் தூங்கல வாரிக்! எவனோ ஒருத்தன் வீட்டுக்கு வந்துருவான்னு ஜன்னலையெல்லாம் பூட்டிட்டுப் படுத்திருந்தோம்!" அதற்கப்புறம் சத்தம் நின்றது. ஹேட்டி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். போனை வாங்கி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"பன்னி... பன்னிங்களுக்குப் பேரு வச்சது நீயா?"

"ஆமாம்மா."

போன் துண்டிக்கப்பட்டது.

அதன் பிறகு பதில் இல்லை. செய்தி அனுப்பினால் போய்ச் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் உள்ளே போய் உட்கார்ந்திருப்பான். அவள் ஆத்திரத்தில் எதையாவது இடித்துப் போட்டிருப்பாள் என்று எதிர்பார்த்தானாம். ஒரு கட்டைகூட அசையவில்லை. பிறகு வேலைக்கு வருவதும் நின்றது. நான் போய்க் கதவைத் தட்டியபோது குளிக்காத வாடையோடு திறந்தான். திரையில் ஏரிக்கரை. ஜின்னியும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இரண்டையும் அவனே உள்ளே கொண்டுவந்திருந்தான்.

"என்னடா பண்ற?"

"சும்மா. ஸ்டான், இந்த ஆட்டம் இன்னும் நல்லாத்தான்டா இருக்கு. தனியா ஆடிப் பாத்தேன். மழை பெய்யுது, ஆடு குட்டி போடுது. ஒரு குறையும் இல்ல. அதான்டா தாங்கல."

அவன் குரலில் இருந்த ஒன்று என்னைப் பயமுறுத்தியது. அவனை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியமில்லை. என் மனைவியிடம் சொல்லிவிட்டு, அவன் ஹேட்டியை ஒரு தடவை நேரில் பார்க்க விடச் சொல்லி லியானுக்குப் போன் பண்ணினேன். அவள் முதலில் என்னிடம்தான் மன்னிப்புக் கேட்டாள். பிறகு வெகு நேரம் மறுத்தாள். "ஒரு தடவை. பார்க்ல. நான் பக்கத்துலயே இருப்பேன். ஹேட்டி பாதியில எழுந்துட்டா அதோட முடிஞ்சுது" என்றாள்.

மறுநாள் என் வண்டியில் டவுன்ஸ்வில்லுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் ஹ்யூவெண்டன் ஊரில் டீசல் போடும்போது, "என்ன சொல்லணும்னு ஏதாவது சொல்லிக் குடுடா" என்றான்.

"ஒண்ணும் சொல்லாத. அவ சொல்றதக் கேளு."

கடற்கரைப் பூங்காவில் ஒரு மேஜை. லியானும் நானும் தள்ளி நின்றோம், ஆனால் கேட்கும் தூரம்தான். ஹேட்டி உயரமாக வளர்ந்திருந்தாள். தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு ஃப்ரெண்டுதான் இருந்தா" என்றாள். "இப்ப அவ இல்ல. செத்துப்போயிருந்தாக்கூட யார்கிட்டயாவது சொல்லி அழலாம். இதை யார்கிட்ட சொல்றது? என் ஃப்ரெண்டு எங்கப்பான்னா?"

அவன் தலை குனிந்திருந்தான்.

"போரடிக்குதுன்னு நான் சொன்னத நீதானே படிச்ச?"

"ஆமா."

"பாவமா இருக்குன்னு சொன்னதையும்?"

"ம்."

"அப்புறமும் ஏம்ப்பா? ஆட்டம் வேணாம், வேற ஏதாவது பண்ணலாமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா எதுவுமே வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துது."

அவள் யோசித்தாள். இனி அவனுக்காகப் பொய் சொல்ல அவள் தயாராக இல்லை. "சொல்லியிருப்பேன்தான்" என்றாள்.

அவன் அழுதான். பெரிய மனுஷன் அழுவதைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர்கள் குழந்தைகளை அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். ஹேட்டி அவனைத் தொடவில்லை. எழுந்து அம்மாவிடம் வந்து, "போலாம்" என்றாள்.

திரும்பி வரும்போது சார்ட்டர்ஸ் டவர்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கிப் புல்வெளியில் நடந்துகொண்டே போனான். நான் பின்னாலேயே போனேன். எங்கே போகிறான் என்று அவனுக்கும் தெரியாது. மூச்சு வாங்கி நின்ற இடத்தில், "நான் டவுன்ஸ்வில்லுக்கே போயிடுறேன்டா. அவ பாக்கலேன்னாலும் அந்த ஊர்லயே இருக்கேன்" என்றான்.

அந்த வருஷம் முடிவதற்குள் சுரங்க வேலையை விட்டுவிட்டுப் போனான். டவுன்ஸ்வில்லில் ஒரு டயர் கடையில் சேர்ந்தான். கம்ப்யூட்டரை இங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டான். லியான் மாதக்கணக்காகச் சம்மதிக்கவில்லை. அப்புறம் சனிக்கிழமை காலையில் தன் வீட்டு முன்வராந்தாவில் கொஞ்ச நேரம் வந்து உட்காரலாம் என்றாள். அவன் ஒரு நாற்காலி, ஹேட்டி ஒரு நாற்காலி. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். சில வாரம் அவள் வெளியே வரவே மாட்டாள். இவன் காலி நாற்காலியோடு உட்கார்ந்துவிட்டு எழுந்து போவான்.

போன வாரம் பேசினபோது கேட்டேன். "வந்தாளா?"

"வந்தா."

"என்ன பேசினா?"

"ஒண்ணும் பேசல" என்றான். பின்னால் யாரோ டயருக்குக் காற்றடிக்கிற சத்தம். அது அடங்கும்வரை பொறுத்திருந்து சொன்னான்: "ஆனா எழுந்து போகலடா. நான் கிளம்பற வரைக்கும் உக்காந்திருந்தா."